நோட்டா பட்டன்: மூணு தேர்தல்ல அமுக்கிப் பாத்த அனுபவம்

போன், மிக்ஸி, ஓட்டல்னு எல்லாத்துக்கும் ரிவ்யூ எழுதறாங்க, ஓட்டு மெஷின்ல கடைசியா இருக்கற, நிக்கற யாருக்கும் என் ஓட்டு இல்லன்னு சொல்ற நோட்டா பட்டன யூஸ் பண்ணிப் பாத்தவங்க யாரும் உக்காந்து ஒழுங்கா எழுதி நான் படிச்சதில்லீங்க. நான் ஈரோடு கிழக்கு தொகுதி. 2021 ஏப்ரல்ல இருந்து 2025 பிப்ரவரி வரைக்கும் எங்க விரல்ல அஞ்சு தடவ மை வெச்சாங்க. சட்டமன்றம் ஒண்ணு, நகர்ப்புற உள்ளாட்சி ஒண்ணு, எம்.பி. தேர்தல் ஒண்ணு, அதுக்கு நடுவுல அடுத்தடுத்து ரெண்டு எம்.எல்.ஏ. இறந்து போனதால இடைத்தேர்தல் ரெண்டு. இதுல 2023, 2024, 2025 மூணுலயும் நான் நோட்டா தான் போட்டேன். அதுக்கு முன்னாடி இருபத்தஞ்சு வருஷம் ஒரே சின்னம். 1998-ல பேப்பர்ல முத்திரை குத்தின காலத்துல இருந்து அதே சின்னம், கண்ண மூடிட்டு. எந்தக் கட்சின்னு சொல்லமாட்டேன், சொன்னா பாதிப் பேர் அதோட படிக்கறத நிறுத்திருவீங்க, மீதிப் பேர் உங்க கட்சி மட்டும் யோக்கியமான்னு கேக்கற எடத்துக்கு வந்துருவோம்.

ஏன் மாறுனேன்னு சொன்னா தான் ரிவ்யூ புரியும். நான் சும்மா ஓட்டுப் போடறவன் இல்லீங்க, பூத் கமிட்டி ஆளு. வோட்டர் லிஸ்ட் எடுத்துட்டு வீடு வீடா போறது, செத்தவங்க பேரு இருக்கா, புதுசா கல்யாணம் ஆகி வந்த புள்ளைங்க பேரு ஏறுச்சான்னு பாக்கறது, ஓட்டு அன்னைக்கு ஏஜெண்டா உள்ள உக்கார்றது எல்லாம் என் வேலை. எங்க தெருவுக்குப் பின்னால பெரும்பள்ளம் ஓடை போகுது. ஒரு காலத்துல அதுல குளிச்சதா எங்கப்பா சொல்லுவாரு, நான் பாத்தது சாயத்தண்ணியும் சாக்கடையும் தான். ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்க கட்சிக்காரங்க அந்த ஓடைக்கரையில நின்னு பேசாம இருந்ததில்ல. ஆட்சியில இருந்தப்பவும் பேசுனாங்க, இல்லாதப்பவும் பேசுனாங்க. நானும் மைக் புடிச்சுப் பேசியிருக்கேன். அது கூட பரவால்லீங்க, பெரிய வேலை, பணம் வேணும், நாள் ஆகும்னு என்னையே சமாதானம் பண்ணிக்குவேன்.

2023 இடைத்தேர்தல் தான் என்ன ஒடச்சது. கவர் குடுக்கற லிஸ்ட எங்கையில குடுத்தாங்க. நான் வாங்கிட்டேன், அத மறைக்க மாட்டேன், நானும் தப்பு பண்ணவன் தான். ஆறு வீட்டுக்குக் குடுத்தேன். ஆறாவது வீட்டுல ஒரு அம்மச்சி, தனியா இருக்கறவங்க, பல வருஷமா என்னைப் பாத்தா விடாது. "ஏங்கண்ணு, அந்த சாக்கடைய எப்ப கண்ணு எடுக்கச் சொல்லுவ, கொசுல படுக்க முடியல"ன்னு ரோட்டுல நிக்க வெச்சுத் திட்டும். அன்னைக்கு கவர வாங்கி இடுப்புல சொருகிட்டு ஒண்ணுமே பேசல. நானா கேட்டேன், "என்ன அம்மச்சி, சாக்கடையப் பத்தி ஒண்ணும் கேக்கலயா?"

"அதான் வாங்கிட்டேனே கண்ணு. வாங்கிட்டுக் கேட்டா நல்லாவா இருக்கும்?"

அவ்வளவு தான் சொல்லுச்சு. நான் அங்கயிருந்து நேரா போயி மீதி கவரையும் லிஸ்டையும் திருப்பிக் குடுத்துட்டேன். ஓட்ட விலைக்கு வாங்கறோம்னு தான் அதுவரைக்கும் நெனச்சுட்டு இருந்தேன். அந்த அம்மாகிட்ட இருந்து நாங்க வாங்குனது எங்கள திட்டற உரிமைய. இது எங்க ஊருல மட்டும் நடக்கறது இல்ல, எல்லாருக்கும் தெரியும். 2016-ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல ஆர்.கே.நகர், 2019-ல வேலூர்னு பணம் வெளையாடுனதால தேர்தலையே நிறுத்தி வெச்ச ஊருங்க நம்ம மாநிலத்துல இருக்கு. ஆனா நியூஸ்ல படிக்கறதும் நம்ம கையால குடுக்கறதும் ஒண்ணு இல்லீங்க.

சரி, பட்டனுக்கு வரேன்.

2023 பிப்ரவரி 27. வேட்பாளர் 77 பேரு. ஒரு ஓட்டு மெஷின்ல பதினாறு பட்டன் தான், அதனால ஒவ்வொரு பூத்துலயும் அஞ்சு மெஷின வரிசையா வெச்சிருந்தாங்க. அங்கீகாரம் வாங்குன கட்சிங்க மொதல்ல, அப்பறம் மத்த பதிவு பண்ண கட்சிங்க, அப்பறம் சுயேச்சைங்க, எல்லாத்துக்கும் கடைசியில நோட்டா, எப்பவும் இதான் வரிசை. அதனால அந்தத் தடவ நோட்டா 78-வது. அஞ்சாவது மெஷின்ல பதினாலாவது பட்டன். நான் வோட்டர் லிஸ்டோடவே வாழ்ந்தவன், எனக்கே ஒரு நிமிஷம் எங்கடா இருக்குன்னு கண்ணு தேடுச்சு. வயசானவங்களுக்கு ரொம்பக் கஷ்டம். ஒரு டிப்ஸ் வேணும்னா, சின்னம் பேரு எதையும் படிச்சுட்டு நிக்காதீங்க, நேரா கடைசி மெஷினுக்குப் போங்க, கீழ இருந்து மேல பாருங்க, கடைசியா என்ன எழுதியிருக்கோ அதான். போட்டோ இருக்காது, ஒரு ஓட்டுச்சீட்டு மேல குறுக்கால பெருக்கல் குறி போட்ட மாதிரி கறுப்பு சின்னம் இருக்கும். அந்தப் படத்த அகமதாபாத்ல இருக்கற தேசிய டிசைன் நிறுவனம் தான் போட்டுக் குடுத்தாங்க, 2015-ல தான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி வெறும் எழுத்து மட்டும்.

அமுக்குனதும் மத்த ஓட்டுக்கு வர்ற அதே பீப் சத்தம். பக்கத்துல விவிபேட்னு, யாருக்குப் போட்டோம்னு சீட்டுல காட்டற மெஷின் இருக்கும், அது கண்ணாடியில சீட்டு ஏழு செகண்ட் தெரியும், அதுலயும் நோட்டான்னு தெளிவா வருது. இத ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, அன்னைக்கு நான் அதே பூத்துல எங்க கட்சி ஏஜெண்டு. அட்டை மறைப்புக்கு இந்தப் பக்கம் என் நாற்காலி, பக்கத்து நாற்காலியில எதிர்க்கட்சி ஆளு. ஓட்டுப் போட்டுட்டு வந்து மறுபடியும் அதே நாற்காலியில உக்காந்தேன், ஒரு ஆளுக்கும் தெரியல. இந்த ஒரு விஷயத்துக்கு நான் முழு மார்க் குடுப்பேன். கைகால் நடுங்கிட்டு இருந்தவன் எனக்கு அந்த மறைப்பு எவ்வளவு பெரிய துணைன்னு எழுத்துல சொல்ல வரல.

முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு சின்னப் பசங்களுக்குத் தெரியாது. 49-ஓன்னு ஒரு விதி. யாருக்கும் போட விருப்பம் இல்லன்னா அத அதிகாரிகிட்ட வாய்விட்டு சொல்லணும், அவரு ரெஜிஸ்டர்ல எழுதுவாரு, நம்ம கையெழுத்து போடணும், சுத்தி எல்லாக் கட்சி ஏஜெண்டும் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. என்ன மாதிரி ஆளு அதச் செஞ்சிருந்தா சாயந்தரம் வீட்டுக்கு முன்னால பத்து பேரு நின்னிருப்பாங்க. அதுல ரகசியம் இல்லன்னு தான் பி.யூ.சி.எல்.ங்கற மனித உரிமை அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க, 2013 செப்டம்பர் 27-ல தீர்ப்பு வந்துச்சு, மெஷின்லயே ஒரு பட்டன் வைன்னு. அந்த பெஞ்சுக்கு தலைமை நீதிபதி சதாசிவம், எங்க பவானி பக்கத்து காடப்பநல்லூர்க்காரர். எனக்கு அதுல ஒரு பெருமை உண்டுங்க. தமிழ்நாட்டுல மொத மொதல்ல அதே வருஷம் டிசம்பர்ல ஏற்காடு இடைத்தேர்தல்ல தான் இந்த பட்டன் வந்துச்சு.

இன்னொரு நல்லது, ஓட்டுப் போடாம வீட்டுல இருந்தா நம்ம பேருல வேற எவனாவது போட்டுட்டுப் போற பயம் இருக்கு. லிஸ்ட்ல டிக் ஆகாத பேரு எதுன்னு மதியம் மூணு மணிக்கு மேல எல்லாக் கட்சிக்காரனும் பாப்பான், நான் பாத்திருக்கேன். நோட்டா போட்டா அந்த வாசல் மூடிருது. கட்சிய விட்டு வெறுத்துப் போயி, இனி பூத் பக்கமே போகமாட்டேன்னு சொல்றவங்ககிட்ட நான் இதத் தான் மொதல்ல சொல்லுவேன்.

இப்போ குறைங்க. நிறைய இருக்கு, மனசு விட்டு எழுதறேன்.

பெரிய குறை, அது எண்ணப்படுது ஆனா கணக்குல சேராது. ஒரு தொகுதியில நோட்டாவுக்கு தான் அதிக ஓட்டுன்னு வெச்சுக்கோங்க, அப்பவும் அடுத்து இருக்கற வேட்பாளர் எம்.எல்.ஏ. ஆயிருவாரு. டெபாசிட் போகுமா போகாதான்னு பாக்கற ஆறுல ஒரு பங்கு கணக்குல கூட நோட்டாவ சேக்கறதில்ல. போட்டியே இல்லாம ஒருத்தர் ஜெயிச்சாருன்னா நம்மளுக்கு பட்டன அமுக்கற வாய்ப்பே கிடையாது, 2024-ல சூரத் எம்.பி. தொகுதியில அப்படித் தான் ஓட்டே நடக்காம முடிஞ்சுது. சூரத் மக்கள்ல என்ன மாதிரி கட்சி மேல மனசு விட்டுப் போனவன் ஒருத்தனாவது இருந்திருப்பான்ல, அவனுக்கு வழி? 2022 பிப்ரவரி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல்ல எங்களுக்கு மெஷின்ல நோட்டாவே இல்ல. சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, அதாவது மனுசனுக்கு நெசமா கோவம் வர்ற விஷயம் எல்லாம் கவுன்சிலர்கிட்ட தான் இருக்கு, அந்தத் தேர்தல்ல தான் பட்டன் இல்ல. மகாராஷ்டிரா, ஹரியானாவுல எல்லாம் 2018-லயே உள்ளாட்சித் தேர்தல்ல நோட்டா முன்னாடி வந்தா மறுதேர்தல்னு அந்த மாநில தேர்தல் ஆணையங்க உத்தரவு போட்டாங்க. அது நம்ம மாநிலத்துக்கும், எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலுக்கும் வரணும்னு நான் கேக்கறேன். 2015-ல சட்ட ஆணையம் தேர்தல் சீர்திருத்தம் பத்தி குடுத்த 255-வது அறிக்கையில நோட்டாவுக்கு நிராகரிக்கற பவர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு அதுல சம்மதம் இல்ல.

இதவிட ஆழமா ஒரு குறை இருக்குங்க, அது எனக்கு 2025-ல தான் உறைச்சுது. 2023-ல எங்க தொகுதியில நோட்டா ஆயிரம் கூட தாண்டல. 2025 பிப்ரவரி இடைத்தேர்தல்ல ஆறாயிரத்துச் சொச்சம், மூணாவது எடம். அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோசம், என்ன மாதிரி ஆறாயிரம் பேரு இருக்காங்கன்னு. ராத்திரி படுத்து யோசிச்சா, அந்தத் தடவ அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் தேர்தலப் புறக்கணிச்சிருந்தாங்க. அப்போ அந்த ஆறாயிரத்துல தன் கட்சி நிக்கலன்னு போட்டவன் எத்தன பேரு, என்ன மாதிரி தன் கட்சியே வேண்டாம்னு போட்டவன் எத்தன பேரு? பிரிச்சுச் சொல்ல வழியே இல்ல. பழைய கணக்க எடுத்துப் பாத்தா எல்லா எடத்துலயும் இதே கதை. 2014-ல நாட்டுலயே அதிகமா நோட்டா விழுந்தது நம்ம நீலகிரி தொகுதியில, 46,559. அங்க பா.ஜ.க. வேட்பாளர் மனு தள்ளுபடி ஆயிருந்துச்சு. 2024-ல இந்தூர்ல 2,18,674, கடைசி நேரத்துல காங்கிரஸ் வேட்பாளர் மனுவ வாபஸ் வாங்கிட்டு போனதுக்கு காங்கிரசே நோட்டாவுக்கு போடச் சொல்லி கேட்டுச்சு. அதாவது நோட்டா பெருசா பேசுன எடத்துல எல்லாம் பேசுனது இன்னொரு கட்சியோட கோவம். கட்சிய விட்டு வெளிய வந்தவனோட சத்தம் அதுல எங்கயோ அடியில கெடக்குது, எடுத்துப் பாக்க ஆள் இல்ல.

இத எழுதறப்ப எனக்கு மொடக்குறிச்சி ஞாபகம் வருது. எங்க மாவட்டம் தான், 1996 சட்டமன்றத் தேர்தல். எங்க குறைய யாரும் கேக்கலன்னு விவசாயிங்க கூட்டம் கூட்டமா நாமினேஷன் போட்டு 1,033 வேட்பாளர் நின்னாங்க. ஓட்டுச்சீட்டு புஸ்தகம் மாதிரி இருந்துச்சு. எனக்கு அப்ப ஓட்டு வயசு ஆகல, எங்க மாமா ஒருத்தரு சம்பா அரிசி மூட்டை போட்ட காசுல டெபாசிட் கட்டுனதா பெருமையா சொல்லிட்டு திரிஞ்சாரு. அப்போ சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபா தான். அந்த வருஷமே டெல்லியில சட்டத்த மாத்தி 5,000 ஆக்கிட்டாங்க, இப்போ 10,000. அந்த ஆயிரம் பேரும் ஜெயிக்கல, ஆனா நாடே திரும்பிப் பாத்துச்சு, பாராளுமன்றமே சட்டம் மாத்துச்சு. நோட்டா வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, கோடிக்கணக்குல ஓட்டு விழுந்தாச்சு, அதுக்காக ஒரு கட்சி வேட்பாளர மாத்துனதா நான் கேள்விப்பட்டதே இல்ல. அமைதியா கோவப்பட ஒரு எடம் குடுத்து எங்கள அங்கயே உக்கார வெச்சுட்டாங்களோன்னு சில சமயம் தோணுது.

ரகசியம் முழுசா இருக்குன்னு மேல சொன்னேன்ல, அதுல ஒரு ஓட்டை இருக்கு, அதயும் சொல்லிரணும். ஓட்டு எண்ணி முடிச்சதும் ஃபார்ம் 20-ன்னு ஒண்ணு வரும், பூத் வாரியா யாருக்கு எத்தன, நோட்டா எத்தனன்னு எல்லாம் போட்டு வெப்சைட்லயே இருக்கும், யாரு வேணா எடுக்கலாம். எண்ணறப்பவே பல பூத்தக் கலந்து எண்ணற டோட்டலைசர் மெஷின் வெக்கணும்னு பேச்சு பல வருஷமா இருக்கு, இன்னும் வரல. 2023 ரிசல்ட் வந்து கொஞ்ச நாள்ல எங்க வட்டச் செயலாளர் அந்தப் பேப்பரோட என்னைக் கூப்புட்டாரு.

"நம்ம பூத்துல நோட்டா நாலு விழுந்திருக்குதுப்பா. யாருன்னு விசாரி. கவர் சேராத வீடா இருக்கும்."

நாலு ஓட்டு விழுந்ததுக்கு காரணம் கவர் பத்தாதது தான்னு தான் அவருக்கு நெனைப்பு. ஓடை, சாக்கடை, அந்த அம்மச்சி எதுவும் அவரு மனசுல வரல. நான் சரிங்கண்ணான்னு சொல்லிட்டு வந்துட்டேன். ரெண்டு வருஷம் அப்படியே ஓட்டுனேன். பூத்துல ஏஜெண்டா உக்கார்றத விட்டேன், உடம்பு சரியில்லன்னு சாக்கு சொன்னேன், ஆனா உறுப்பினர் அட்டை பீரோவுல இருந்துச்சு, கட்சி லிஸ்ட்ல என் பேரு இருந்துச்சு, எங்க வீட்டு மூணு ஓட்டும் நம்மதுன்னு அவங்க நோட்டுல டிக் போட்டு வெச்சிருந்தாங்க. நான் நோட்டா போட்டுட்டு கட்சிய விட்டு வந்துட்டதா நெனச்சுட்டு இருந்தேன், கட்சிக்கு அது தெரியவே தெரியாது.

அதனால என் மதிப்பீடு இதாங்க. ரகசியத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, நம்ம ஓட்டு நம்ம பேருல பத்திரமா விழறதுக்கு அஞ்சுக்கு நாலு, தேடிக் கண்டுபுடிக்க அஞ்சுக்கு ரெண்டு, பலனுக்கு ஒண்ணு தான் குடுக்க முடியும். கட்சிய விட்டு வெளிய வர மொத படியா, பயந்துட்டு இருக்கறவங்களுக்கு தாராளமா சொல்லுவேன். ஆனா அமுக்கறதுக்கு முன்னாடி ஃபார்ம் 26 பாருங்க, வேட்பாளர் ஒவ்வொருத்தரும் சொத்து, கேஸ், படிப்பு எல்லாம் எழுதி சத்தியம் பண்ணிக் குடுக்கறது, தேர்தல் ஆணைய வெப்சைட்ல ஃப்ரீயா படிக்கலாம். கேஸ் இருக்கற ஆளுக்கு ஏன் சீட்டு குடுத்தோம்னு கட்சி காரணம் போடணும், ஜெயிக்கற ஆளுங்கறது மட்டும் காரணமாகாதுன்னு 2020-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அந்தக் காரணத்தையும் தேடிப் படிங்க. 77 பேரையும் படிக்க முடியாது, ஒரு பத்து பேரப் படிங்க. நான் மூணு தடவயும் அதப் படிக்காம கோவத்துல நேரா கடைசி மெஷினுக்குப் போனேன், அது என் தப்பு. யாரோ ஒரு நல்ல சுயேச்சை அந்த அஞ்சு மெஷினுக்குள்ள இருந்திருக்கலாம்.

2025 தேர்தல் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு உறுப்பினர் அட்டை, பழைய வோட்டர் லிஸ்ட் கட்டு, பூத் கமிட்டி பை எல்லாத்தையும் எடுத்துட்டு நேரா கட்சி ஆபீசுக்குப் போனேன். வட்டச் செயலாளர் தனியா தான் இருந்தாரு. இருபது வருஷப் பழக்கம், என் கல்யாணத்துல பந்தி பரிமாறுனவரு. நாலு நோட்டாவுல ஒண்ணு நான் தாங்கண்ணான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்பறம் கேட்டாரு,

"எங்க சேரப் போற?"

"எங்கயும் இல்லீங்கண்ணா."

"பதவி ஏதாச்சும் எதிர்பாத்தியா, சொல்லியிருக்கலாம்ல?"

நான் அம்மச்சி சொன்னதச் சொன்னேன். ஓடையச் சொன்னேன். முழுசாக் கேட்டாரு, திட்டல, மறுக்கவும் இல்ல. டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு. டீய குடிச்சுட்டு அட்டைய வாங்கி மேசை டிராயர்ல போட்டாரு. நான் கெளம்பறப்ப சொன்னாரு, "சரி விடு, பூத்துக்கு ஆள் வேணும். உம் பையனுக்கு பதினெட்டு முடிஞ்சுதுல்ல, அவன அனுப்பு."

"அது அவன் இஷ்டங்கண்ணா"ன்னு சொல்லிட்டு செருப்ப மாட்டிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து பையனுக்கு பேரு சேக்கற ஃபார்ம் 6 எடுத்து, கூட உக்காந்து ஃபில் பண்ணிக் குடுத்தேன். எனக்குப் பதினெட்டு ஆனப்போ எங்கப்பா சின்னத்தத் தான் மொதல்ல சொல்லிக் குடுத்தாரு. நான் போட்டோவ ஒட்டி, கையெழுத்து எங்க போடணும்னு மட்டும் காட்டுனேன்.